ஈரத்தில் தெர்மல் ஸ்கோப்பை ஜீரோ செய்வது: எண்களைக் கடைசியில் தொடுங்கள்

இரண்டு காலை, 40 தோட்டா. வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் ஸ்கோப் ஒன்றைப் புதிதாக வாங்கி ரைபிளில் பொருத்தி, தூறலிலும் மூடுபனியிலும் ஜீரோ செய்யப்போய், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யப்போய், நான் வீணாக்கியது இவ்வளவு. ஒவ்வொரு முறை குண்டு தள்ளி விழுந்தபோதும் மெனுவைத் திறந்து எக்ஸ், ஒய் எண்களை (குறியை இட வலமாகவும் மேல் கீழாகவும் நகர்த்துபவை) மாற்றினேன், அடுத்தது வேறு பக்கம் போய் விழுந்தது, மறுபடி மாற்றினேன். கடைசியில் ஸ்கோப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி விற்றவரிடம் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து "கோளாறு எதுவும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. கோளாறு லென்ஸின் மேல் படிந்திருந்த தண்ணீர்ப் படலத்திலும், நனைந்துபோன டார்கெட்டிலும், அவசரப்பட்ட என் விரலிலும்தான் இருந்திருக்கிறது.

முறையான உரிமத்தோடு ரைபிள் வைத்திருப்பவர்கள், முதல்முறை தெர்மல் ஸ்கோப் பொருத்துபவர்கள், ஈரமான வானிலையில் மாட்டிக்கொண்டவர்கள், உங்களுக்காகத்தான் இது. வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் காகிதங்கள்

ரைபிள் உரிமம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். துப்பாக்கிக்கு ஒரு சட்டம், அதன்மேல் பொருத்தும் இரவுநோக்கிக் கருவிக்கு வேறு சட்டம் என்று பல நாடுகளில் உண்டு. சில இடங்களில் தெர்மல் கருவியைக் கையில் வைத்துப் பார்க்கலாம், ரைபிளில் பொருத்தக் கூடாது. சில இடங்களில் பொருத்தலாம், ஆனால் வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பகுதி விதியை உரிமம் தரும் அலுவலகத்திலேயே கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் சொன்னார் என்பது எங்கும் எடுபடாது.

பில், வரிசை எண், உத்தரவாத அட்டை மூன்றையும் படமெடுத்து வையுங்கள். பழுதுக்கு அனுப்பும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான். தெர்மல் கேமராக்கள் வாசெனார் உடன்பாட்டின் (பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு உடன்பாடு) இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில், அதாவது ராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் பயன்படும் பொருள்களின் பட்டியலில், வருபவை, அதனால் எல்லை தாண்டி எடுத்துப்போகவோ, வெளிநாட்டுப் பழுதுநிலையத்துக்கு அனுப்பவோ ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். சாதாரண பார்சல் போல அனுப்பிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம்.

சுடும் மைதானத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். டார்கெட்டில் சூடான பொருளை ஒட்டப்போகிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். சில மைதானங்களில் காகிதம் தவிர எதையும் ஒட்ட விடமாட்டார்கள்.

2. நாளும் நேரமும்

முடிந்தால் ஈரத்தில் ஜீரோ செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு அதிகம் மிச்சம் பிடித்துத்தரும் வரி இதுதான். உலர்ந்த ஒரு பகலில் முழு ஜீரோவையும் முடித்துவிட்டு, ஈரமான நாளில் சரிபார்க்க மட்டும் செய்யுங்கள். மழைக்காலம் முழுக்க உலர்ந்த நாளே கிடைக்காது என்றால் மேலே படியுங்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், தெர்மல் ஸ்கோப் பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, பொருள்களுக்கு இடையே உள்ள வெப்ப வேறுபாட்டை. பெரும்பாலான ஸ்கோப்கள் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பு அலைகளில் வேலை செய்கின்றன. மழை பெய்து ஓய்ந்ததும் மண், மரம், புல், டார்கெட் பலகை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும், திரையில் சாம்பல் கரைத்து ஊற்றியது போல இருக்கும். சூரியன் ஏறும்போதும் இறங்கும்போதும் இதே நிலை வரும், சூடாகும் பொருளும் ஆறும் பொருளும் அந்த நேரத்தில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. நான் தேர்ந்தெடுத்தது மழை விட்ட மறுநிமிடம், அதுவும் விடியும் நேரம். இரண்டு தப்பையும் ஒன்றாகச் செய்தேன்.

மழை நின்று இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும், பகல் வெளிச்சம் இருக்கட்டும். பகல் என்று சொல்வதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. ஈரத்தில் தெர்மல் படத்தில் பின்னணி ஒரே சாம்பலாகிவிடுவதால் டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடு எங்கே முடிகிறது, வேலிக்கம்பி எங்கே என்று தெரியாது. வெறும் கண்ணால் பின்னணியைப் பார்க்க முடியாதபோது சுடவே கூடாது.

மூடுபனி பற்றி ஒரு வார்த்தை. "தெர்மல் பனியைத் துளைத்துப் பார்க்கும்" என்று விளம்பரத்தில் இருக்கும். லேசான புகைமூட்டத்தில் ஓரளவு சரிதான். அடர்த்தியான மூடுபனியின் நீர்த்துளிகளோ இந்த அலைநீளத்துக்கு ஏறக்குறைய சமமான அளவு கொண்டவை, அவை அலைகளைச் சிதறடித்துவிடும். 100 மீட்டர் கம்பம் கண்ணுக்குத் தெரியாத பனி என்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

மொத்தம் அரைநாள் ஒதுக்குங்கள். சுடுவது ஒரு மணி நேரம்தான், மற்றதெல்லாம் காத்திருப்பு.

3. செலவு எங்கே போகிறது

ஒழுங்காகச் செய்தால் 15 முதல் 20 தோட்டாவில் முடியும். எல்லாம் ஒரே தயாரிப்பு, ஒரே எடை, ஒரே தொகுப்பு எண்ணாக இருக்கட்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய பெட்டியில் கிடக்கும் ஏழெட்டைக் கலந்தால் இரட்டிப்பாகச் செலவாகும்.

மற்றவை சின்னச் செலவுகள்: கூடுதல் பேட்டரி ஒரு ஜோடி (குளிர்ந்த ஈரக்காற்றில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும்), கையைச் சூடாக்கும் பொட்டலங்கள் பத்து, நெளிபிளாஸ்டிக் அட்டை இரண்டு, சிலிக்கா ஜெல், லென்ஸ் துடைக்கும் தாள், காற்றை ஊதும் ரப்பர் குமிழ். குழல் எங்கே பார்க்கிறது என்று சிவப்புப் புள்ளியால் காட்ட, குழலுக்குள் வைக்கும் லேசர் போர்சைட்டர் வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தச் சிவப்புப் புள்ளி தெர்மல் திரையில் தெரியவே தெரியாது. நான் வாங்கியது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, பூனைக்கு விளையாட்டுக் காட்டப் பயன்படுகிறது.

4. மவுண்டை வீட்டிலேயே முடியுங்கள்

உலர்ந்த அறையில், நல்ல வெளிச்சத்தில். மவுண்ட் என்பது ஸ்கோப்பை ரைபிளின் மேலுள்ள ரெயிலோடு பிடித்து வைக்கும் தாங்கி. திருகுகளிலும் ரெயிலிலும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, மவுண்ட் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) வைத்து முறுக்குங்கள். "கை சொல்லும்" என்பவர்களை நம்பாதீர்கள். பிறகு திருகின் தலையிலிருந்து மவுண்ட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், பின்னால் சந்தேகம் வந்தால் ஒரே பார்வையில் தளர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ரைபிளின் கட்டை மரமாக இருந்தால் கவனம். மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், குழலை ஒரு பக்கமாக அழுத்தும், ஜீரோ நகரும். ஈர நாளில் நகர்ந்த ஜீரோ உலர்ந்த நாளில் தானாகத் திரும்பி வந்தால் ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் கட்டையைப் பாருங்கள்.

5. டார்கெட்: தோற்பது இங்கேதான்

அலுமினியத் தாளை ஒட்டினால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். தெளிந்த வானத்தில் இது அருமையாக வேலை செய்யும், ஏன் என்று தெரிந்துகொண்டால் ஈரத்தில் ஏன் செய்யாது என்பதும் புரியும். பளபளப்பான அலுமினியம் தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே உமிழும், எதிரில் உள்ளதைக் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். தாளைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் வானம் பிரதிபலிக்கும், தெளிந்த வானம் தெர்மலுக்குக் கடுங்குளிராகத் தெரியும், ஆகவே தாள் கறுத்த சதுரமாக நிற்கும். மேகம் மூடிய நாளிலோ தாழ்ந்த மேகத்தின் வெப்பநிலை கிட்டத்தட்ட காற்றின் வெப்பநிலைதான், வேறுபாடு போய்விடும். தாளின் மேல் தூறல் படிந்தால் கதை முடிந்தது, தண்ணீர் வெப்பத்தை நன்றாக உமிழும் பொருள் என்பதால் நனைந்த தாளும் நனைந்த அட்டையும் திரையில் ஒன்றுதான். என் முதல் காலை முழுவதும் நான் தேடிக்கொண்டிருந்தது இந்தக் காணாமல்போன சதுரத்தை.

ஈரத்தில் டார்கெட்டுக்குச் சொந்த வெப்பம் வேண்டும். கையைச் சூடாக்கும் பொட்டலம் எளிது, ஆனால் அதிலும் இரண்டு பொறி. உள்ளே இருப்பது இரும்புத்தூள், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது. நனையாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடினால் அணைந்துவிடும், அப்படியே மழையில் விட்டாலும் நனைந்து அணைந்துவிடும். மேலே மட்டும் கூரை போல ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டுங்கள், முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். கண்ணாடியோ அக்ரிலிக்கோ முன்னால் வைக்கவே கூடாது, தெர்மல் அவற்றைத் துளைத்துப் பார்க்காது.

பொட்டலத்தை அப்படியே ஒட்டினால் ஓரம் மங்கிய ஒரு வெள்ளைக் குமிழ்தான் தெரியும். நெளிபிளாஸ்டிக் அட்டையில் 4 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, பின்பக்கத்திலிருந்து பொட்டலத்தை ஒட்டுங்கள், சதுரத்தின் ஓரங்கள் கூர்மையாகத் தெரியும். பொட்டலத்தைப் பிரித்து, குலுக்கி, கால் மணி நேரம் சூடேற விட்டுவிட்டு ஒட்டுங்கள்.

ஜீரோ சரியாக வர வர குண்டு பொட்டலத்திலேயே விழும், தூள் கொட்டும், அடுத்த குண்டுக்கு டார்கெட் இருக்காது. அதனால் முதல் ஓரிரு சுற்றுக்கு ஒரு சதுரம் போதும். கடைசிச் சுற்றுகளுக்கு 15 சென்டிமீட்டர் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பொட்டலம் வைத்து, நடுவில் ரெட்டிக்கிளை (ஸ்கோப் திரையில் தெரியும் குறி) வைத்துச் சுடுங்கள், குண்டு நடுவில் போகும், பொட்டலம் தப்பிக்கும்.

காகித டார்கெட் ஈரத்தில் ஊறி, துளை கிழிந்து, மையம் எங்கே என்று அளக்க முடியாமல் போகும். நெளிபிளாஸ்டிக் இந்த விஷயத்திலும் கைகொடுக்கும். இரும்புத் தகட்டைச் சூடாக்கி வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள், குண்டு தெறிக்கும்.

6. ஸ்கோப்பை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்

வீட்டிலிருந்தோ வண்டியிலிருந்தோ எடுத்தவுடன் சுடாதீர்கள். குளிரூட்டிய வண்டியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்கு வந்தால் ஸ்கோப் முழுக்க வேர்க்கும். மூடியைக் கழற்றாமல், ஸ்கோப்பை இயக்கி, 20–30 நிமிடம் வெளியில் கூரையின் கீழ் வையுங்கள். சென்சாரும் ஒரு நிலைக்கு வரும், வெளிப்பக்க ஈரமும் போகும்.

பிறகு லென்ஸ். முன் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியம், சாதாரணக் கண்ணாடி அல்ல. அதன்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருந்தாலே போதும், படம் மொத்தமும் தட்டையாகிவிடும், ஏனென்றால் இந்த அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும். கொடுமை என்னவென்றால் திரையில் துளி எதுவும் தெரியாது, படம் "ஏதோ சரியில்லை" என்று மட்டும் தோன்றும். ரைபிள் காலி என்று உறுதிசெய்து, டார்கெட்டின் சூடான சதுரத்தைப் பாருங்கள். ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் லென்ஸ் சுத்தம். சதுரம் மாவுருண்டை போலத் தெரிந்தால் முதலில் ஃபோகஸைத் திருப்பிப் பாருங்கள், அதில் சரியாகாவிட்டால் தண்ணீர்தான்.

துடைக்கும்போது முதலில் ரப்பர் குமிழால் ஊதுங்கள், மீதித் துளியை லென்ஸ் தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு கீறும், அதைத் திரும்பப் பூசித்தர யாரும் இல்லை. பனிபடியாமல் இருக்க அடிக்கும் ஸ்பிரேயை முன் லென்ஸில் அடிக்க வேண்டாம், அந்தப் படலமே அலைகளை மறைக்கலாம். கண்பக்கம் இருப்பது சாதாரணக் கண்ணாடி, அங்கே உங்கள் மூச்சுதான் எதிரி. குறிபார்க்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழகுங்கள், ரப்பர் கோப்பையைக் கண்ணோடு ஒட்டி அழுத்தாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் குழலை வானம் பார்க்க நிறுத்தாதீர்கள். தெளிந்த இரவில் வானம் பார்த்த லென்ஸ் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து பனியை வாங்கிக்கொள்ளும், குழலுக்குள்ளும் தண்ணீர் இறங்கும். குழலில் தண்ணீரோடு சுடுவது ஆபத்து, ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள், ஈரம் இருந்தால் உலர்ந்த துணி ஓட்டுங்கள்.

அமைப்புகளில் நான் வைப்பது: ஒயிட் ஹாட் (சூடானது வெள்ளையாகத் தெரியும்), வெளிச்சம் குறைவு, கான்ட்ராஸ்ட் கூடுதல், குறைந்தபட்ச ஜூம். டிஜிட்டல் ஜூம் பிக்சலைப் பெரிதாக்குமே தவிர விவரம் எதையும் சேர்க்காது. ஈரத்தில் படத்தின் கான்ட்ராஸ்ட் குறைவதால் சென்சாரின் கோடுகளும் புள்ளிகளும் துருத்திக்கொண்டு தெரியும், ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ஷட்டரை (சென்சாரை ஒரு நொடி மறைத்துப் படத்தைச் சமன்செய்யும் உள்மூடி) நீங்களே ஒருமுறை இயக்கிச் சமன்செய்யுங்கள். தானியங்கியில் விட்டால் விசையை இழுக்கும் நொடியில் படம் உறைந்து நிற்கக்கூடும்.

7. குழல் வழியாகப் பார்த்து, பிறகு 25 மீட்டர்

ரைபிள் காலி என்று இரண்டுமுறை உறுதிசெய்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) கழற்றி, மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, குழல் வழியாக வெறும் கண்ணால் 25 மீட்டர் டார்கெட்டின் சதுரத்தை நடுவில் கொண்டுவாருங்கள். ரைபிளை அசைக்காமல் ஸ்கோப்பில் பார்த்து, ரெட்டிக்கிளைச் சதுரத்துக்கு நகர்த்துங்கள். மணல்மூட்டை நனைந்தால் மெல்லச் சரியும், கீழே ரப்பர் பாய் போடுங்கள்.

இப்போது ஒரே ஒரு தோட்டா. பலகையில் எங்கே விழுந்தது என்று சாதாரணத் தொலைநோக்கியில் பாருங்கள், தெர்மலில் துளை தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். படத்தை உறையவைத்து ஜீரோ செய்யும் வசதி இருந்தால் ரெட்டிக்கிளை மறுபடி சதுரத்தின் மேல் வைத்து, உறையவைத்து, இரண்டாவது குறியைக் குண்டு விழுந்த இடத்துக்கு நகர்த்துங்கள்.

திசையில் நிறையப்பேர் சறுக்குவார்கள். சில ஸ்கோப்களில் நீங்கள் நகர்த்துவது ரெட்டிக்கிளை, சிலவற்றில் குண்டு விழும் இடத்தை. கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள். படிக்காமல் மாற்றினால் பிழை இரட்டிப்பாகும், அதுதான் அறிகுறி.

8. நூறு மீட்டரும் ஒரு சின்னக் கணக்கும்

சாதாரண ஸ்கோப்பில் குமிழைத் திருப்பும்போது வரும் கால் எம்ஓஏ (ஒரு கோண அளவு) கிளிக் ஒன்றுக்கு நூறு மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகரும். தெர்மலில் அந்தச் சொகுசு பெரும்பாலும் இல்லை. ஒரு படி என்பது பல கருவிகளில் ஒரு பிக்சல். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து லென்ஸின் குவிய நீளத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்து, பத்தால் பெருக்கினால் நூறு மீட்டரில் ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டர் என்று வரும். 12 மைக்ரான், 35 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 3.4 சென்டிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 2.4.

மூன்று தோட்டா சுடுங்கள், மூன்றின் நடுவை எடுங்கள். 35 மில்லிமீட்டர் லென்ஸில் அந்த நடு 7 சென்டிமீட்டர் கீழே, 5 சென்டிமீட்டர் வலது என்று வைத்துக்கொள்வோம். குண்டு விழும் இடத்தை மேலே இரண்டு படி, சரி. இடதுபக்கம் ஒரு படி போட்டால் 1.6 சென்டிமீட்டர் வலதில் மிச்சம், இரண்டு போட்டால் 1.8 இடதில். இந்த மிச்சத்தோடு சண்டைபோட்டு நான் பத்துத் தோட்டாவைத் தொலைத்தேன். சில கருவிகளில் ஜூமைக் கூட்டி ஜீரோ மெனுவுக்குப் போனால் படி சிறிதாகும், உங்களுடையதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதோடு விடுங்கள்.

சுற்றுக்குச் சுற்று குழல் ஆறட்டும், பத்து நிமிடம். ஈர நாளில் சூடான குழலிலிருந்து ஆவி எழுந்து படத்தின் கீழ்ப்பகுதியை மறைப்பதையும் பார்க்கலாம். தூரத்தை லேசரால் அளக்காமல் மைதானக் குறியையோ நாடாவையோ நம்புங்கள், தூறலில் லேசர் துளியில் பட்டுத் திரும்பித் தப்புத்தூரம் காட்டும்.

முடிந்ததும் சேமியுங்கள். சேமிக்காமல் மெனுவை விட்டு வெளியேறுவது அவ்வளவு சகஜம். எந்த ப்ரொஃபைல் (ஸ்கோப்பில் சேமித்த அமைப்புத் தொகுதி), எக்ஸ், ஒய் எவ்வளவு, எந்தத் தோட்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், மென்பொருளைப் புதுப்பிக்கும்போது எண்கள் அழிந்தாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

9. உலர்ந்த நாளில் சரி, ஈரத்தில் தள்ளி விழுகிறதா?

எண்களைத் தொடாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்: முன் லென்ஸில் ஈரம், டார்கெட்டின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிகிறதா, திருகின் பெயின்ட் கோடு, தேர்ந்தெடுத்த ப்ரொஃபைல், குழலிலும் தோட்டாவிலும் ஈரம், மரக்கட்டை. ஈரத் தோட்டாவை அப்படியே ஏற்றாதீர்கள், குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஈரம் இருந்தால் தோட்டாவின் கூடு அறைச் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் மேல் கூடுதல் உதை விழும்.

"ஈரக்காற்று கனமானது, குண்டை இழுக்கிறது" என்று ஒருவராவது சொல்வார். உண்மை நேரெதிர்: நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசு, அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஈரக்காற்றின் அடர்த்தி ஒரு துளி குறைவுதான். நூறு மீட்டரில் அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், இரண்டு வெவ்வேறு நாளில், மும்மூன்று தோட்டாவில், ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் மட்டும் மாற்றுங்கள்.

10. வீடு திரும்பியதும்

குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குப் போவதற்கு முன், வெளியிலேயே ஸ்கோப்பை மூடும் பையில் போட்டு இறுக்குங்கள். ஈரம் பையின்மேல் படியும், ஸ்கோப்பின்மேல் அல்ல. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து, துடைத்து, பேட்டரியைக் கழற்றி, பேட்டரி அறையின் ரப்பர் வளையத்தையும் யுஎஸ்பி மூடியையும் பாருங்கள். ஐபி67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற சோதனை, அதுவும் அந்த மூடி ஒழுங்காக மூடியிருந்தால்தான். ஹேர் டிரையர் வேண்டாம். சிலிக்கா ஜெல்லோடு இரவு முழுக்க வையுங்கள், நனைந்த துணிப்பெட்டிக்குள் அல்ல.

லென்ஸின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால், துடைத்தும் போகாத மங்கல் இருந்தால், திறக்க முயலாதீர்கள். உத்தரவாதம் போய்விடும், உள்ளே நைட்ரஜன் அடைத்திருந்தால் அதுவும் போய்விடும். படமெடுத்து, பில் நகலோடு அனுப்புங்கள். என்னைப் போல மூன்று வாரம் காத்திருக்க நேரலாம், ஆனால் அந்த முறையாவது சீட்டில் வேறு ஏதாவது எழுதி வரும்.